இரண்டாம் சுற்றுக்கு ஒரு சி பிளஸ்

நான் கொடுத்தது சி பிளஸ். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் கொடுப்பேன். இதற்காக அந்த வசந்தத்தில் என்னோடு கதைப்பதை நிறுத்தியவர்கள் உண்டு. கோயிலில் என்னைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றவர்களும் உண்டு. திரும்பி நின்ற முதுகுகளைப் பார்த்துக்கொண்டே நானும் சாமி கும்பிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பந்தைக் காலால் உதைத்துக் கோலுக்குள் போடும் ஆட்டமல்ல இது. தலைக்கவசம் போட்ட பன்னிரண்டு பேர், முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரில் நிற்கும் பன்னிரண்டு பேரை இடித்துத் தள்ளி முன்னேறும் கனடிய ஃபுட்போல். ரொறன்ரோத் தமிழருக்குக் கிரிக்கெட் இருக்கிறது, கூடைப்பந்து இருக்கிறது, வருஷா வருஷம் நம்பி ஏமாறுவதற்கு ஐஸ் ஹொக்கி இருக்கிறது. பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்க, ஏரிக் காற்றில் நடக்கும் இந்த ஆட்டத்துக்கு முழுச் சீசனுக்கும் ரிக்கெற் வாங்குகிற தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான் என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதை அவர் பெருமையாகச் சொல்வதில்லை.

பார்க்டேலில் அறை எடுத்திருந்த காலத்தில், வேலைத்தலத்தில் யாரோ வேண்டாமென்று விட்ட ரிக்கெற்றில் முதன்முதலாகப் போனேன். எல்லோரும் பந்தோடு ஓடுகிறவனைப் பார்த்தார்கள். எனக்குக் கண் போனது முன்னால் வரிசையாகக் குனிந்து நின்ற ஐந்து தடியன்மாரில். அவர்கள் பந்தைத் தொடுவதேயில்லை. பந்து எறிகிறவனுக்கு முன்னால் சுவராக நின்று, வருகிறவனை மறிப்பது மட்டும்தான் அவர்களுடைய வேலை. லைன்மன் என்பார்கள். சரியாகச் செய்தால் ஒருவரும் பேர் சொல்லமாட்டார்கள், பிழைவிட்டால் முழு மைதானமும் திட்டும். அன்றைக்கே நான் அவர்களுடைய ஆள் ஆகிவிட்டேன்.

கார் விபத்துக் காப்புறுதிக் கோரிக்கைகளை மதிப்பிடுவது என் தொழில். பம்பரில் கீறல் விழுந்தவர் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்பார். உண்மையிலேயே கழுத்து நொந்தவர் ஒன்றுமில்லை, வேலைக்குப் போகவேண்டும் என்பார். இருவரையும் ஒரே முகத்தோடு கேட்டு, நடந்தது எதுவோ அதை மட்டும் எழுதவேண்டும். இத்தனை வருஷம் இதைச் செய்கிற ஒருத்தியிடம் பூசி மெழுகுகிற பழக்கம் இருக்காது. என் சமையலுக்கே நான் பி மைனஸ்தான் கொடுப்பேன்.

ஒவ்வொரு வசந்தத்திலும் டிராஃப்ட் நடக்கும். கனடியப் பல்கலைக்கழகங்களில் விளையாடி முடித்த இளைஞர்களை அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும். சுற்றுச் சுற்றாகப் போகும். முதல் இரண்டு சுற்றில் எடுக்கிறவர்களிடம்தான் அணிகள் உண்மையில் எதையாவது எதிர்பார்க்கும். தெரிவு செய்யப்பட்டால் அணியில் இடம் கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. பயிற்சி முகாமுக்கு வா, உன்னைப் பார்க்கிறோம் என்றுதான் பொருள். முகாம் முடிகிற சனிக்கிழமை ஆட்களை வெட்டுவார்கள். வெட்டுவது என்ற சொல்லையே அங்கே பாவிக்கிறார்கள், மரியாதைக்கு வேறு சொல் தேடுவதில்லை.

டிராஃப்ட் முடிந்த மறுநாள் எங்கள் அணியின் ஒவ்வொரு தெரிவுக்கும் நான் மாக்ஸ் போட்டு, தமிழில் பேசிப் பதிவு செய்து யூரியூபில் ஏற்றுவேன். கேட்பவர்களில் பாதி என் சொந்தக்காரர், மற்றப் பாதி தவறுதலாக அழுத்தியவர்கள். அதைப்பற்றி எனக்குக் கவலையில்லை. எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. நான் மாக்ஸ் போடுவது ஆளுக்கல்ல, அணி எடுத்த முடிவுக்கு. அணியில் எங்கே ஓட்டை இருந்தது, அந்த நேரம் வேறு யார் மிச்சமிருந்தார்கள், இவரை இவ்வளவு முந்தி எடுக்கவேண்டியிருந்ததா. இந்த மூன்றையும் பார்த்து மாக்ஸ் போடுவேன். ஆளின் ஊர் எது, தகப்பன் யார் என்பது அதில் இல்லை.

அந்த வருஷம் எங்கள் ஓட்டை பின்புறத்தில். முந்தின சீசன் முழுக்க எதிரணிக்காரர் எங்கள் தலைக்கு மேலாலேயே பந்தை எறிந்து வென்றிருந்தார்கள். அதை அடைக்கக்கூடிய இரண்டு நல்ல ஆட்கள் இரண்டாம் சுற்றிலும் மிச்சமிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. அறிவிப்பாளர் ஒரு பெயரை வாசிக்கத் தொடங்கி, நடுவில் நின்று, மூச்சு எடுத்து, இன்னொரு தரம் தொடங்கினார். அப்படித் தடுமாறினால் அது எங்கள் தமிழ்ப் பெயர்தான். சமையலறையில் நின்ற கணவர் கையில் அகப்பையோடு ஓடி வந்தார்.

"உது எங்கட பெடியன் எல்லே? ஒன்பதாம் மாடியில இருந்த ஆக்களின்ர!"

அவன்தான். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்திலேயே அவர்கள் பல வருஷம் குடியிருந்தார்கள். பிறகு நகரத்துக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் புது வீடு வாங்கிப் போனார்கள். தாய் என்னைவிட இளையவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். தகப்பன் எனக்கு மூத்தவர், நல்ல மனுசன், நாலு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நடக்கவேண்டும் என்பதை மூச்சாக வைத்திருக்கிறவர். மகன் ஆறடிக்கு மேலே வளர்ந்து, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு அகன்று, பல்கலைக்கழக அணியில் லைன்மனாக விளையாடினான். அவனுடைய கடைசி வருஷத்து ஆட்டங்கள் எல்லாவற்றையும் நான் பார்த்திருந்தேன். எல்லாரையும் பார்ப்பேன், அவனையும் பார்த்தேன்.

கணவர் அகப்பையைத் தூக்கிக்கொண்டு ஆடினார். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் வாய் தானாகச் சொன்னது, "பின்னுக்கு ஆள் எடுக்காமல் என்ன விசர் வேலை பாத்திருக்கிறாங்கள்?"

மறுநாள் காலை தமிழ் வானொலி ஒன்றிலிருந்து அழைத்தார்கள். இத்தனை வருஷமாக நான் ஒருத்தி இதைப் பேசிக்கொண்டிருப்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. நேரலை. அறிவிப்பாளர் ஒரு இளைஞர், குரலில் தேன் வடிந்தது.

"நேயர்களுக்காக ஒரு மாக்ஸ் போடுங்கோ அன்ரி. ஏ பிளஸ்தானே?"

"சி பிளஸ்."

"அன்ரி பகிடி விடுறா."

"பகிடி இல்லைத் தம்பி. ரீமுக்கு ஓட்டை பின்னுக்கு. அதை அடைக்கிற ஆக்கள் ரெண்டு பேர் கண்ணுக்கு முன்னால நிண்டவை. அவையை விட்டிட்டு, நாலாம் சுற்றிலயும் கிடைக்கக்கூடிய லைன்மனை ரெண்டாம் சுற்றில எடுத்திருக்கினம். பெடியன் நல்ல பெடியன். இந்த வருஷம் விளையாடமாட்டான், கால் இன்னும் காணாது. வேகமா ஒருத்தன் உள்பக்கமா வெட்டி வந்தா இவன்ர கால் ரெண்டும் பின்னுது. ரெண்டு சீசன் பொறுமையா வைச்சுப் பழக்கினா, பிறகு பத்து வருஷத்துக்கு அவனை அசைக்க ஏலாது."

அறிவிப்பாளர் நன்றி சொல்லிப் பாட்டுப் போட்டார். மத்தியானத்துக்குள் என் குரல் எல்லாருடைய தொலைபேசியிலும் ஓடியது. யாரோ நறுக்கி அனுப்பியிருந்தார்கள். "இந்த வருஷம் விளையாடமாட்டான், கால் இன்னும் காணாது" என்ற இடத்தோடு அது முடிந்தது. பத்து வருஷத்தைக் காணவில்லை.

பிறகென்ன, வாங்கிக் கட்டினேன். எங்கள் ஆட்களுக்கு எங்கள் ஆட்கள்தான் எதிரி என்று ஒருவர் எழுதினார். சமைக்கிற கைக்கு ஃபுட்போல் எதற்கு என்று இன்னொருவர். அவருக்கு மட்டும் பதில் போட்டேன்: என் கணவர்தான் சமைக்கிறார், நன்றாகவே சமைக்கிறார். அன்று பின்னேரம் பெடியனின் தாய் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, எங்களோட உங்களுக்கு என்ன கோவம்?"

"ஒரு கோவமும் இல்லை. நான் மாக்ஸ் போட்டது ரீமுக்கு, உன்ர பிள்ளைக்கு இல்லை."

"ஒரு ஏ போட்டா உங்கட கையிலயிருந்து என்ன போகுது? எல்லாரும் வாழ்த்தினம். நீங்கள் மட்டும் ஏன் இப்பிடி?"

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. என் கையிலிருந்து போவது நான் இதுவரை போட்ட ஏ எல்லாம். எங்கள் ஆள் என்பதற்காக ஒரு ஏ போட்டால், நான் நல்லதென்று சொன்ன எதையும் இனி ஒருவரும் நம்பத் தேவையில்லை. அதை அவளுக்கு அமைதியாகத்தான் சொன்னேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். எனக்குக் கவலையாக இருந்தது. மாற்றிச் சொல்லவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

முகாம் தொடங்குவதற்கு முந்தின வார இறுதியில் மண்டபம் எடுத்துப் பாராட்டு விழா வைத்தார்கள். "அனைவரும் வருக" என்று போட்டிருந்தார்கள், நானும் அனைவரில் ஒருத்திதானே என்று போனேன். கணவர் காரை நிறுத்துகிற சாட்டில் வெளியிலேயே நின்றுவிட்டார். வாசலில் பெரிய பதாகை, அவனுடைய படம், பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட உருண்டைப் பந்து. வேறு எந்த ஆட்டத்தின் பந்து என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. விளக்கேற்றினார்கள், மௌனம் காத்தார்கள், பேசினார்கள், பேசினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். அவன் தோள் அகலத்துக்கு ஒவ்வொரு பொன்னாடையும் கைக்குட்டை அளவில் கிடந்தது.

பேசிய ஒவ்வொருவரும் "அணியில் இடம்பிடித்த முதல் தமிழன்" என்றார்கள். எங்கள் சனத்தில் தெரிவு என்றால் அதோடு முடிந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் பட்டம் வாங்கின மாதிரி, சம்பந்தம் பேசினால் கலியாணம் முடிந்த மாதிரி. முகாம் இருக்கிறது, வெட்டு இருக்கிறது என்று அந்த மேடையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. தகப்பன் ஒலிவாங்கியைப் பிடித்து, முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு இரண்டு பஸ் பிடித்திருப்பதாகவும் எல்லாரும் ரிக்கெற்றுக்குப் பேர் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னார். கைதட்டல் கூரையைத் தொட்டது. மேடையில் இருந்த மகன் மட்டும் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு நேரம் அவனாகவே என்னிடம் வந்தான். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"அன்ரி, யூ வேர் ரைற் அபௌற் மை ஃபீற்," என்றான். "கோச்சும் என்ர காலைப்பற்றி அதைத்தான் சொன்னவர்."

"கோவமில்லையோ?"

"நோ. அப்பாவுக்கு ஐ ட்ரைட் ரு எக்ஸ்பிளெயின். நான் இன்னும் ரீமில இல்லை எண்டு சொல்ல, தன்னடக்கமாம், சிரிக்கிறார்."

அதைக் கேட்டதும் எனக்கு அந்த மண்டபத்தின் மீதே கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிற பிள்ளைக்குத் தன்னடக்கம் என்று பேர் வைத்து வாயை அடைத்திருந்தார்கள். இரண்டு வாரத்தில் இவனுக்கு ஏதாவது நடந்தால் இந்தக் கைதட்டிய கைகள் எங்கே இருக்கும் என்று நினைத்தேன். வட்டிலப்பம் நன்றாக இருந்தது, அதற்கு ஏ கொடுத்துவிட்டு வந்தேன்.

முகாம் நடுவில் ஒரு பயிற்சி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. தூறல். நான் மழை அங்கியோடு என் இருக்கையில் இருந்தேன். அவனை இரண்டாம் பாதியில் ஆடவிட்டார்கள். நான் சொன்னது அப்படியே நடந்தது, அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இருக்கவில்லை. எதிரணியில் ஒரு ஒல்லியன், நல்ல வேகம், வெளியே போவதுபோல் போய் உள்ளே வெட்டினான். இவனுடைய கால்கள் பின்னின. விழுந்தான். பந்து எறிகிறவனும் விழுந்தான். அடுத்த முறையும் அதே ஒல்லியன், அதே வெட்டு. மூன்றாம் முறை விழாமல் நின்றான், ஆனால் பிந்திவிட்டான். பயிற்றுநர் அவனை வெளியே எடுத்தார். நான் மழைக்குள் எழுந்து நின்று, "இன்னொருக்கா விடு அவனை!" என்று தமிழில் கத்தினேன். பயிற்றுநருக்குக் கேட்டிருந்தாலும் விளங்கியிருக்காது.

வெட்டுகிற சனிக்கிழமை வந்தது. பின்னேரம் அணி பட்டியலை வெளியிட்டது. விடுவிக்கப்பட்டவர்களில் அவன் பெயர் இருந்தது. இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தும், இன்னொரு தரம் வாசித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் விழா மேடையில் பேசியவர்களுக்குள் விஷயம் பரவியது. வாட்ஸ்அப்பில் போட்டிருந்த வாழ்த்துப் படங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எனக்கு வசை எழுதியவர்கள்கூட எழுதவில்லை. முன்னர் குழுவுக்குக் குழு அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள், அன்று மாம்பழம் மலிவாகப் போட்டிருக்கிற கடையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த வசையைவிட அந்த மாம்பழம்தான் எனக்கு அதிகம் எரிச்சலூட்டியது.

அப்போது தாய் எடுத்தாள். குரல் அழுது காய்ந்திருந்தது.

"அக்கா, பிரக்ரிஸ் ரோஸ்ரர் எண்டா என்ன? அவனை விட்டிட்டு, பிறகு அதில வா எண்டு கேட்டிருக்கினமாம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லவேணுமாம். இவர் வேண்டாம் எண்டு நிக்கிறார். எங்களுக்கு உதைக் கேட்க வேற ஆளில்லை."

"வாறன்," என்றேன்.

ஸ்ரௌவ்வில் பக்கம் போனால் எனக்கு எப்போதும் வழி தவறும். வீடுகள் எல்லாம் ஒரே அச்சு, மரங்கள் இன்னும் இடுப்பளவுக்கு வளரவில்லை. வெயில் போகாமல் நின்ற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். தகப்பன் வரவேற்பறையில் நின்றார், கதிரையில் இருக்கவில்லை. மகன் மாடிப் படியில் இருந்தான், படியின் அகலம் அவனுக்குப் போதவில்லை. தாய் கதவடியில் என் கையைப் பிடித்தாள்.

"வாங்கோ தங்கச்சி," என்றார் தகப்பன். "உங்கட வாய் பலிச்சிட்டுது. சந்தோசம்தானே?"

"என்ர வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தா அண்ணை, எங்கட ரீம் வருஷா வருஷம் கப் தூக்கியிருக்கும்."

படியில் இருந்தவன் சிரிப்பை அடக்கினான். தகப்பன் சிரிக்கவில்லை. அவர் தன் முடிவைச் சொன்னார். மகன் அணிக்கு மறுப்புச் சொல்லிவிடவேண்டும். மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது, அதனால் அவனாகவே விளையாட்டை விட்டான் என்று சனத்துக்குச் சொல்லிவிடலாம். பஸ்ஸையும் நிற்பாட்டிவிடலாம். எல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"அவனா விட்டவன் எண்டா மரியாதை. அவங்கள் கலைச்சவங்கள் எண்டா?"

இந்த மாதிரிக் கதைகளைத்தான் நான் தினமும் வேலையில் கேட்கிறேன். நின்ற காரில் போய் இடித்துவிட்டு, கார்தான் என்னிடம் வந்தது என்பார்கள். ஆனால் அங்கே போவது ஒரு பம்பர். இங்கே போகப்போவது படியில் இருக்கிற ஒருவனுடைய விளையாட்டு. எனக்கு ஆத்திரம் வந்தது. அதை நான் மறைக்கவும் இல்லை.

"அண்ணை, பிரக்ரிஸ் ரோஸ்ரர் எண்டா கலைச்சது இல்லை. ஒவ்வொரு நாளும் ரீமோட பழகுவான், சம்பளமும் வரும். ஆட்ட நாளில மட்டும் ஜேர்சி இல்லை. விருப்பமில்லாத ஆளை ஒருத்தரும் வைச்சுப் பழக்கமாட்டினம். நாளைக்கு இவன் மாட்டன் எண்டு சொன்னா, அடுத்த வருஷம் ஒருத்தரும் இவனைக் கூப்பிடாயினம். உங்கட மரியாதைக்கு ஒரு கதை கிடைக்கும். இவனுக்கு அதோட சரி."

"சனம் என்ன கேக்கும் தெரியுமோ? ஏன் விளையாடேல்லை எண்டு கேக்கும்!"

"சனத்துக்குத்தான் நான் முதல் நாளே சொன்னனே, இந்த வருஷம் விளையாடமாட்டான் எண்டு. உங்களுக்குப் பொய் சொன்னது நானோ, பொன்னாடை போத்தின ஆக்களோ?"

தாய் "அக்கா" என்று மெல்ல இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. தகப்பன் என்னைப் பார்த்த பார்வையில், வெளியே போ என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வேறொன்று சொன்னார்.

"ரீமுக்கு மாக்ஸ் போட்டனீங்கள். சரி. இவனுக்கு எத்தினை?"

அதை ஒருவரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. மகன் தலையை நிமிர்த்தினான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பூச்சு எதுவும் இல்லாமல் சொன்னேன்.

"காலுக்கு டி. பிந்துது, பின்னுது. கைக்கு பி. பிடிச்சா விடமாட்டான். அந்தப் பயிற்சி ஆட்டத்தில ஒரு ஒல்லியன் இவனை ரெண்டு தரம் விழுத்தினவன். நானும் தூறலுக்குள்ள இருந்து பாத்தனான். விழுந்த உடன எழும்பி, முதல்ல பந்து எறியிறவனைத் தூக்கி விட்டது இவன். பிறகு முதல் ஆளாப் போய் வரிசையில குனிஞ்சு நிண்டதும் இவன். முழு மைதானமும் பாத்துக்கொண்டிருக்க விழுந்து, திரும்பவும் அதே இடத்தில, அதே ஒல்லியனுக்கு முன்னால. அதுக்கு ஏ. அதைப் பழக்கிறதுக்கு எந்தக் கோச்சாலும் ஏலாது அண்ணை. காலைப் பழக்கலாம், ரெண்டு சீசன் எடுக்கும். நான் வானொலியிலயும் இதைத்தான் சொன்னனான், நீங்கள் பாதியைக் கேட்டனீங்கள்."

மகன் எழுந்து நின்றான். முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது.

"அப்பா, ஐ வோன்ற் ரு கோ. நான் போகப்போறன். வெட்டினதாலை எனக்கு வெக்கமில்லை. நானா விட்டன் எண்டு சொன்னாத்தான் எனக்கு வெக்கம்."

தகப்பன் பின்கதவைத் திறந்து வெளியே போனார். புல்வெளியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் அதற்குமேல் நிற்கவில்லை. சொல்லவேண்டியது முடிந்தது, மிச்சம் அவர்கள் வீட்டுக்குள் நடக்கவேண்டியது. வரும்போது வழி இரண்டு தரம் தவறியது.

மறுநாள் மத்தியானம் மகன் ஒரு வரி அனுப்பினான், கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று. தகப்பன் என்ன சொன்னார் என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் பேசாமல் விட்டுக்கொடுத்திருப்பார், சனத்துக்கு வேறு ஏதாவது கதை சொல்லியிருப்பார் என்றுதான் எண்ணினேன். பஸ் நின்றிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

முதல் உள்ளூர் ஆட்டத்தன்று என் இருக்கையில் போய் இருந்தேன். மூலைப் பக்கத்திலிருந்து தமிழ்க் குரல்கள் கேட்டன. திரும்பிப் பார்த்தேன். இரண்டு பஸ் வரவில்லை, ஒன்று வந்திருந்தது. விழாவில் மேடையில் பேசியவர்களில் ஒருவரையும் காணவில்லை. வந்தவர்கள் மிக்ஸர் பையோடும் மடித்த போர்வைகளோடும் இரண்டு வரிசை நிறைய இருந்தார்கள். முன்வரிசை நடுவில் தகப்பன், சலவை செய்த சட்டையில். பக்கத்தில் தாய். நான் என் இருக்கையை விட்டு அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். தாய் என் மடியில் போர்வையின் ஒரு பாதியைப் போட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, சத்தம் வந்த இடத்திலெல்லாம் கை தட்டினார்கள். இவர்களுக்கு இன்னும் சொல்லப்படவில்லை என்பது அவர்கள் கண்கள் தேடிய விதத்தில் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் லைன்மன்கள் ஓடி வரும்போது முதுகு இலக்கங்களை வாசித்தார்கள். கடைசியில் பின்வரிசையில் ஒருவர் குனிந்து கேட்டார்.

"அண்ணை, மகன் எந்த நம்பர்? எங்கையும் காணேல்லையே?"

இரண்டு வரிசையும் காது கொடுத்தது. என் வாய்க்குள் பதில் தயாராக இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தகப்பன் எழுந்து, சனத்தின் பக்கம் திரும்பி நின்றார். மண்டபத்தில் ஒலிவாங்கியில் பேசிய அதே குரலில், கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நம்பர் இல்லை. அவனை வெட்டிப்போட்டாங்கள். இப்ப பழகிறதுக்கு வைச்சிருக்கிறாங்கள். அந்தா, கரையில தொப்பியோட, தண்ணிப் போத்திலோட நிக்கிறான். அவன்தான் என்ர மகன். வடிவாப் பாருங்கோ."